மருந்துச் சீட்டு மன்னிப்புச் சீட்டு அன்று

நம் இல்லங்களில் மது இல்லை. இதைச் சொல்லும்போது நெஞ்சில் ஒரு பெருமிதம் எழுவது இயல்பே. பெண் கேட்டு ஒருவர் வந்தால், மாப்பிள்ளையின் ஊருக்கு ஆளனுப்பி நாம் முதலில் விசாரிப்பது, "பையனுக்குக் குடிப்பழக்கம் உண்டா?" என்பதைத்தான். உண்டு என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும். வந்த சம்பந்தம் வாசற்படியோடு திரும்பிவிடும். மார்க்கம் விலக்கிய ஒன்றை வெளியே நிறுத்திவிட்டோம் என்ற நிறைவோடு நாம் கதவைத் தாழிட்டுக் கொள்கிறோம்.

தாழிட்ட கதவுக்கு உள்ளே, படுக்கையறை அலமாரியில், மடித்து வைத்த துப்பட்டிகளுக்கு அடியில் பத்துப் பத்தாக அடுக்கிக் கிடக்கும் மாத்திரை அட்டைகளை என்ன பெயரிட்டு அழைப்பது? உறக்கத்துக்கு ஒன்று, படபடப்புக்கு ஒன்று, இடுப்பு வலிக்கு ஒன்று, இருமலுக்கு ஒரு புட்டி. பத்து நாளைக்கென்று எழுதப்பட்டுப் பத்தாண்டுகளாய்த் தொடர்பவை இவற்றுள் எத்தனை? எண்ணிப் பார்த்தோமா?

"அது மருந்துதானே! டாக்டர் எழுதிக் கொடுத்ததுதானே!" என்று விடை வருகிறது. இந்த விடையோடுதான் இக்கட்டுரைக்கு வழக்கு. மருத்துவர் எழுதிக் கொடுத்தார் என்பதற்காக ஒரு பொருள் தன் இயல்பை மாற்றிக் கொள்வதில்லை. சீட்டு என்பது அப்பொருளை வாங்குவதற்கான அனுமதி. அதனால் விளையும் கேட்டுக்கு அது மன்னிப்பு ஆகாது. அதே வேளையில், அக்கேட்டில் சிக்கியவர் குற்றவாளியும் அல்லர். ஈமான் குன்றியவரும் அல்லர். இவ்விரண்டு உண்மைகளையும் ஒருசேர ஏற்கும் துணிவு நமக்கு இல்லாமையே இத்துன்பத்தின் வேர் என்கிறோம்.

ஓர் இல்லத்தில் நடந்தது

எமக்கு நெருங்கிய ஓர் இல்லம். தென்கோடிக் கடற்கரையில் ஓர் ஊர். அந்த உம்மாவுக்கு வயது அறுபத்து மூன்று. கணவர் இருபத்தாறு ஆண்டுகள் அரபு நாட்டில் உழைத்தவர். ஊர் திரும்பிய மறு ஆண்டே மௌத்தாகிவிட்டார். இத்தா இருந்த நாட்களில் இரவெல்லாம் உறக்கமின்றித் தவித்த அந்த அம்மையாருக்கு, குடும்பம் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் அல்ப்ரஸோலம் என்னும் மாத்திரையைப் பத்து நாளைக்கு எழுதினார். தவறு அதில் இல்லை. பதினோராம் நாள், 'இனி இது வேண்டாம்' என்று சொல்ல எவரும் இல்லை. தவறு அங்கேதான் தொடங்கிற்று.

பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் கொடுத்தார்கள். சில மாதங்களில் சீட்டையும் கேட்பதில்லை. பேரனிடம் வெறும் அட்டையைக் கொடுத்தனுப்பினாலே மாத்திரை வந்து சேர்ந்தது. கால் மில்லிகிராம் அரையாயிற்று, அரை ஒன்றாயிற்று. இரவுக்கென்று வந்தது பகலிலும் தேவைப்பட்டது. ஒன்பது ஆண்டுகளில், நாளொன்றுக்கு மூன்று மில்லிகிராம் இல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. குடும்பத்தில் எல்லாரும் அதை அறிவர். எவரும் அதைப் பேசவில்லை.

விடுமுறையில் வந்த மூத்த மகன் ஒருநாள் அலமாரியைத் திறந்தார். "என்ன உம்மா இது? நம்ம வீட்டிலயா இது?" என்று கேட்டவர், அட்டைகள் அனைத்தையும் பிரித்துக் கழிவறையில் கொட்டி நீரூற்றினார். தாயின்மீது கொண்ட அன்பினால்தான் செய்தார், அதில் ஐயமில்லை. அன்றிரவு உம்மா உறங்கவில்லை. மறுநாள் கை நடுங்கிற்று, வேர்த்துக் கொட்டிற்று, சுவரில் ஏதோ ஊர்வதாகச் சொன்னார். ஏதோ பிடித்திருக்கிறது என்றார் பக்கத்து வீட்டு மாமி. ஓதிப் பார்க்க ஆள் போயிற்று. மூன்றாம் நாள் ஃபஜ்ருக்கு ஒளூச் செய்யப் போனவர் குழாயடியில் வலிப்புக் கண்டு விழுந்தார். நெற்றியில் ஏழு தையல்.

மருத்துவமனையில் அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "வழக்கமாகச் சாப்பிட்டு வந்த மாத்திரை எதையாவது திடீரென்று நிறுத்திவிட்டீர்களா?" அம்மாத்திரையைப் பற்றி ஒன்பதாண்டுகளில் அக்குடும்பத்திடம் கேட்கப்பட்ட முதல் கேள்வியும் அதுதான்.

இதில் குற்றம் யாருடையது? நிறுத்தும் நாளைக் குறிப்பிடாத மருத்துவருடையதா? சீட்டின்றி விற்ற கடைக்காரருடையதா? கண்டும் காணாதிருந்த உறவினருடையதா? ஒரே நாளில் பறித்தெறிந்த மகனுடையதா? நால்வருக்கும் அதில் பங்குண்டு. ஆனால் ஊர் என்ன சொல்லிற்று தெரியுமா? "அந்தம்மா மாத்திரைக்கு அடிமையாம்!" பங்கே இல்லாதவர் மீதுதான் பழி விழுந்தது.

ஏமாற்றின் பழைய வரலாறு

இது நேற்று முளைத்த கேடு அன்று. 1898-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஹெராயினை இருமல் மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. மார்ஃபினைப் போல் இது அடிமைப்படுத்தாது என்று அக்காலத்தார் நம்பினர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பார்பிட்யூரேட் வகை உறக்க மருந்துகள் உலகெங்கும் பரவின. அவற்றால் நேர்ந்த அடிமைத்தனமும் மரணங்களும் பெருகிய பின்னர், 'இவை அத்தகையன அல்ல' என்ற உறுதிமொழியோடு வந்தவை பென்ஸோடயஸிபைன் வகையினவாகும். ரோஷ் நிறுவனத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் வேதியியலாளர் உருவாக்கிய லிப்ரியம் 1960-இலும், வேலியம் என்ற பெயரில் டயஸிபாம் 1963-இலும் சந்தைக்கு வந்தன. அமெரிக்காவில் 1969 முதல் 1982 வரை மிக அதிகமாக விற்ற மருந்து வேலியம்தான். 1978 என்னும் ஒரே ஆண்டில் மட்டும் 230 கோடி மாத்திரைகள் விற்றன என்றால், எத்தனை இல்லங்களுக்குள் அது புகுந்திருக்க வேண்டும்! நம் வீட்டு அலமாரியில் இருக்கும் அல்ப்ரஸோலம், லோரஸிபாம், குளோனஸிபாம் ஆகிய யாவும் இதே குடும்பத்துப் பிள்ளைகள்.

வலி மருந்தின் கதையும் இதற்கு மாறானதன்று. 1996-இல் அமெரிக்காவில் பர்டூ ஃபார்மா என்னும் நிறுவனம் ஆக்ஸிகான்டின் மாத்திரையை விற்கத் தொடங்கியது. மற்றவற்றைக் காட்டிலும் இது குறைவாகவே அடிமைப்படுத்தும் என்று மருத்துவர்களிடம் பரப்பியது. அப்பரப்புரை மக்களைத் தவறான வழியில் நடத்தியது என்பதை 2007-இல் அந்நிறுவனமே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு தண்டம் கட்டிற்று. 2020-இல் மறுபடியும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் புதைக்கப்பட்ட உடல்கள் எழுந்து வரவா போகின்றன?

ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரே வாக்குறுதிதான் தரப்பட்டது: 'முந்தையது அடிமைப்படுத்தும், இது அடிமைப்படுத்தாது.' ஒவ்வொரு தலைமுறையும் அதை நம்பி வீழ்ந்தது. பென்ஸோடயஸிபைன்களைக் கொடுப்பதானால் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் முடித்துக்கொள்க என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988-இலேயே எச்சரித்துவிட்டது. அடிமைத்தனம், உடற்சார்பு, நிறுத்தும்போது வரும் துன்பங்கள் ஆகியவற்றைப் பற்றிய மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கட்டமிட்டு அச்சிட வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2020-இல் கட்டளையிட்டது. நான்கு வாரம் எங்கே? நம் வீட்டு ஒன்பது ஆண்டு எங்கே?

இது ஏழைக்கும் எளியவருக்கும் மட்டும் வரும் கேடு என்றும் எண்ண வேண்டா. அமெரிக்க அதிபராயிருந்த ஜெரால்ட் ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டு, கழுத்து நரம்பு வலிக்காக மருத்துவர்கள் தந்த மாத்திரைகளிலும் மதுவிலும் சிக்கியிருந்தார். 1978-இல் அவருடைய கணவரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து உண்மையை அவர் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தனர். அவர் சினந்தார், அழுதார், பின்னர் சிகிச்சைக்கு உடன்பட்டார். நலமுற்றபின் அதை மறைக்கவுமில்லை. 1982-இல் தம் பெயராலேயே ஒரு சிகிச்சை நிலையம் காண உதவினார். வெள்ளை மாளிகையில் வாழ்ந்தவருக்கு இல்லாத வெட்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?

நம் நாட்டின் நிலை என்ன? மைய அரசின் சமூக நீதி அமைச்சகத்துக்காக டில்லி எய்ம்ஸ் நிறுவனம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வு, மருத்துவத் தேவையின்றி உறக்க, அமைதி மருந்துகளைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 1 கோடியே 18 இலட்சம் பேர் என்று கணக்கிட்டது. நினைவிருக்கட்டும்: மருத்துவர் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே சிக்கியிருப்பவர்கள் இக்கணக்கில் இல்லை!

உடல் கேட்பதும் உள்ளம் கேட்பதும்

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தறிந்தாக வேண்டும். ஒன்று உடற்சார்பு, மற்றொன்று அடிமைத்தனம்.

மூளையின் கிளர்ச்சியை அடக்கி அமைதிப்படுத்தும் 'காபா' என்றொரு பொருள் இயல்பாகவே நம் மூளையில் சுரக்கிறது. பென்ஸோடயஸிபைன் மாத்திரைகள் அதன் வலிமையை மிகுவிக்கின்றன. வெளியிலிருந்து நாள்தோறும் துணை வருவதைக் கண்ட மூளை, சில வாரங்களில் தன் சொந்தத் தடுப்பாற்றலைத் தளர்த்திக் கொள்கிறது. அதனால்தான் பழைய அளவு போதாமல் போகிறது. திடீரென்று மருந்தை நிறுத்தினாலோ, தடுப்பாரற்ற நரம்புகள் கட்டவிழ்ந்த குதிரைகள்போல் ஓடுகின்றன. நடுக்கம், வேர்வை, படபடப்பு, உறக்கமின்மை, இல்லாதவற்றைக் காணல், வலிப்பு ஆகிய யாவும் அதன் விளைவுகள். சில வேளைகளில் உயிரும் போகும். இதுவே உடற்சார்பு. மருத்துவர் சொன்ன அளவை மீறாமல் உண்டவருக்கும் இது வரும். தொழுகை தவறாதவருக்கும் வரும். இதில் ஒழுக்கக்கேடு எங்கே இருக்கிறது?

அடிமைத்தனம் அதனினும் ஒருபடி மேலானது. மருந்தின் மீதுள்ள கட்டுப்பாடு கைநழுவும். குடும்பம், தொழில், உடல்நலம் எல்லாவற்றுக்கும் முன்னால் மருந்து வந்து நிற்கும். கேடு கண்ணெதிரே தெரிந்தும் கை அதையே நாடும். இதுவும் ஒரு நோயே. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் போல இதற்கும் சிகிச்சை உண்டு.

எதைக் கண்டு இதை அறிவது? ஒரு மாதத்துக்கு வாங்கியது இருபதாம் நாளே தீர்ந்து போவது, 'தொலைந்துவிட்டது', 'தண்ணீரில் விழுந்துவிட்டது' என்ற காரணங்கள் அடிக்கடி வருவது, ஒருவர் அறியாமல் இன்னொரு மருத்துவரிடம் அதே மருந்தைப் பெறுவது, ஒரு கடைக்கு மூன்று கடையாக அலைவது, கல்யாண வீட்டுக்குப் புறப்படும்போது நகைக்கு முன்னால் மாத்திரையைத் தேடுவது, பகலில் சொக்கிப் போவது, பேச்சுக் குழறுவது, நேற்றுச் சொன்னதை இன்று மறப்பது, அளவைக் குறைக்கலாமா என்று கேட்டாலே சினம் பொங்குவது. இவை அடையாளங்கள். முதியவர் அடிக்கடி இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் 'வயதாகிவிட்டது' என்கிறோம். அவர் இரவில் உண்ணும் மாத்திரையையும் ஒருமுறை பாருங்கள். நோன்புக் காலத்தில் இன்னோர் அடையாளமும் வெளிப்படும். நண்பகல் வேளை மாத்திரை தவறியதும் கைநடுக்கமும் படபடப்பும் தோன்றினால், அதை நோன்பின் களைப்பென்று தள்ளிவிடக் கூடாது. ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் இதைப் பேசி வேளையை ஒழுங்கு செய்து கொள்ள வேண்டும்.

சட்டம் இருக்கிறது, உறங்குகிறது

'அரசு தடுக்கக் கூடாதா?' என்பாரும் உளர். தடுத்துத்தான் இருக்கிறது. 2013-இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 'எச்-1' அட்டவணையில் அல்ப்ரஸோலம், டயஸிபாம், ஸோல்பிடெம், ட்ரமடால், கோடீன் முதலியன இடம்பெற்றுள்ளன. இவற்றைச் சீட்டின்றி விற்கலாகாது. விற்றால், எழுதிய மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு யாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் காத்து வைக்க வேண்டும். அட்டையின் மேல் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கையும் அச்சாகியிருக்கிறது. 2018-இல் ட்ரமடால், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் கொண்டுவரப்பட்டது.

அந்தச் சிவப்புக் கட்டத்தை நம்மில் எத்தனை பேர் படித்தோம்? அந்தப் பதிவேடு எத்தனை கடைகளில் உண்மையாய் எழுதப்படுகிறது? தெரிந்த வீட்டுப் பிள்ளை என்று முகம் பார்த்துக் கொடுக்கும் கடைக்காரர் தாம் உதவி செய்வதாகவே எண்ணுகிறார். அந்த உதவிதான் ஒன்பது ஆண்டுச் சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கோத்தது. மூன்று நிமிடத்தில் நோயாளியை அனுப்ப வேண்டிய மருத்துவர், 'ஏன் உறக்கம் வரவில்லை?' என்று கேட்பதைவிட ஒரு மாத்திரையை எழுதிவிடுவது எளிதென்று காண்கிறார். அவருடைய நெருக்கடியை நாம் அறியாமலில்லை. ஆயினும் தொடங்கும் நாளை எழுதும் கை, முடிக்கும் நாளையும் எழுதலாகாதா?

கடல் கடந்து வாழும் நம்மவர்க்கு இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஊரிலிருந்து போகிறவர் கையில் மருந்துப் பொட்டலம் கொடுத்தனுப்புவது நம் வழக்கம். அமீரகம், சவூதி முதலிய நாடுகளில் ட்ரமடால், கோடீன், டயஸிபாம் போன்றவை கடுங்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. உரிய சீட்டும் அனுமதியும் இன்றிக் கொண்டு சென்றால் சிறைவாசல் வரை போக நேரும். மச்சானின் இடுப்பு வலிக்கென்று எடுத்துப் போன அட்டை, எடுத்துப் போனவரின் வாழ்வையே முடக்கிவிடலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பது அவமரியாதை என்று எண்ணி வாய்மூடி வாங்கிக் கொள்ளாதீர்.

இரண்டு மறுப்புகள்

'ஈமான் உறுதியாய் இருந்தால் உறக்கம் தானே வரும், மாத்திரை எதற்கு?' என்று சிலர் கூறுவர். திக்ரும் தொழுகையும் மனத்துக்கு ஆறுதல் அளிக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தடுப்பாற்றல் தளர்ந்துபோன நரம்பை அறிவுரையால் மட்டும் சரிசெய்துவிட முடியாது. ஒடிந்த காலோடு கிடப்பவரைப் பார்த்து 'ஈமான் இருந்தால் நட' என்று நாம் சொல்வதில்லையே! வலிப்பு வந்து விழுந்த அந்த உம்மா, விழுந்ததே தொழுகைக்குச் சென்ற வழியில்தான்.

நம் முன்னோர் இவ்வாறு பேசவில்லை. அபினை நாள்தோறும் உண்போர் சிறு அளவில் தொடங்கி, கூட்டிக்கொண்டே போய், உயிருக்கு உலைவைக்கும் அளவை எட்டுவதைப் பதினோராம் நூற்றாண்டிலேயே அல்பீரூனி தம் மருந்தியல் நூலில் பதிவு செய்தார். பதினாறாம் நூற்றாண்டில் பாரசீக நாட்டு மருத்துவர் இமாதுத்தீன் மஹ்மூத் ஷீராஸி, அபினைப் பற்றியே 'அஃப்யூனிய்யா' என்று தனியொரு நூல் இயற்றி, அதற்கு ஆட்பட்டவரை விடுவிக்கும் வழிகளையும் ஆராய்ந்தார். அவர்கள் இதை வசைபாடும் பொருளாக்கவில்லை; மருத்துவப் பொருளாகக் கொண்டார்கள். அவர்களின் பெயர்களை மேடைதோறும் முழங்கும் நாம், அவர்களின் பார்வையை மட்டும் ஏன் விட்டுவிட்டோம்?

'பெண்கள் விஷயம், வெளியே பேசினால் குடும்ப மானம் போய்விடும்' என்பது இரண்டாவது மறுப்பு. ஒருவரின் குறையை ஊரறியத் தூற்றாமல் இருப்பது நற்பண்பு. நோயாளியை மருத்துவரிடமிருந்தே மறைத்து வைப்பது அப்பண்பைச் சேர்ந்ததன்று, அது கைவிடல். கணவன் கடல் கடந்து போக, மாமனார் மாமியாரையும் பிள்ளைகளையும் தனியே சுமந்து, இரவில் விழித்துக் கிடக்கும் பெண்ணுக்கு நாம் கொடுத்தது ஒரு மாத்திரை மட்டுமே. அவள் ஏன் விழித்திருக்கிறாள் என்று கேட்க நேரமில்லாத குடும்பம், மானத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா?

மீளும் வழி

அப்படியானால் இம்மருந்துகளையே ஒழித்துவிடலாமா? கூடாது. வலிப்பு நோயிலும், அறுவை சிகிச்சையிலும், கடுந்துயரின் முதல் நாட்களிலும் இவை உயிர் காப்பன. புற்றுநோயாளியின் வலியைத் தணிக்க மார்ஃபின் எளிதில் கிடைக்கட்டும் என்றே 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. அடிமையாகிவிடுவார் என்று அஞ்சி, மரணப் படுக்கையில் கிடக்கும் வாப்பாவுக்கு வலி மருந்தை மறுப்பது கொடுமை. மருந்தின்மீது நமக்குப் பகை இல்லை. முடிவு நாள் இல்லாத மருந்தின்மீதே பகை.

மீளும் வழியில் முதல் விதி: நீண்டகாலம் உண்ட உறக்க மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தாதீர், நிறுத்தச் சொல்லாதீர், பறிக்காதீர். இரண்டாவது விதி: மருத்துவர் துணையோடு சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் ஹெதர் ஆஷ்டன் என்னும் மருத்துவப் பேராசிரியை 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு மருத்துவமனைப் பிரிவை நடத்தி, நோயாளிகள் சொன்னதைச் செவிமடுத்து ஒரு முறையை வகுத்தார். விரைவில் உடலைவிட்டு நீங்கும் மாத்திரைக்குப் பதிலாக, மெல்ல நீங்கும் டயஸிபாமை ஈடான அளவில் கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைப்பதே அம்முறையின் சாரம். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, அளவில் இருபதில் ஒரு பங்கோ பத்தில் ஒரு பங்கோ குறைத்துத் தொடங்குவது மருத்துவர்கள் இன்று கைக்கொள்ளும் வழி. மாதங்கள் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். இடையில் தடுமாற்றம் வந்தால் அப்படியில் சற்று நின்று, பின் தொடரலாம். முன்பே வலிப்பு வந்தவர், மிக அதிக அளவு உண்பவர், கருவுற்றவர் ஆகியோருக்குத் தனிக்கவனமும், தேவையாயின் மருத்துவமனைத் தங்கலும் வேண்டும்.

மூன்றாவது விதி: மாத்திரை இருந்த இடத்தை வெறுமையாக விடாதீர். உறக்கத்தைத் திருத்தும் மனநலப் பயிற்சிகள் உள்ளன. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல், பகலுறக்கத்தைச் சுருக்கல், மாலைக்குமேல் தேநீரை விடுதல், உறக்கம் வராவிடில் படுக்கையில் புரளாமல் எழுந்து அமர்தல் ஆகியவை அவற்றுள் சில. முதுமையில் உறக்கம் குறுகுவது இயற்கை என்பதை அறிந்தாலே பாதிக் கவலை நீங்கும்.

வலி மருந்துக்கு ஆட்பட்டவர்க்குப் புப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகளை மேற்பார்வையில் கொடுத்து நிலைப்படுத்தும் சிகிச்சை உண்டு. 2005-இலேயே உலக சுகாதார நிறுவனம் அதை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா?' என்று எள்ளுவோர், உயிர் பிழைத்து வேலைக்குச் சென்று பிள்ளைகளை வளர்ப்போரைப் போய்ப் பார்க்கட்டும். ஒன்றை மட்டும் மறவாதீர்: சில வாரம் விட்டிருந்தவர் மீண்டும் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். வலி மாத்திரையையும் உறக்க மாத்திரையையும் சேர்த்து உண்பதும் அவ்வாறே ஆபத்தானது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியேற்றும் கொடுமையில் நம் ஊர் இளைஞர்கள் சிலரும் வீழ்ந்து வருகின்றனர். அவர்களை வீட்டைவிட்டு விரட்டினால் நோய் தீராது. மையித்துதான் வீடு வரும்.

எங்கே போவது என்கிறீர்களா? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உள்ளது. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம் போதை மீட்பில் நெடுங்காலம் பணியாற்றி வருகிறது. மைய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

அறிவு ஒன்றே போதுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி. கனடாவின் கியூபெக் மாநிலத்தில், நீண்டகாலமாக இம்மாத்திரைகளை உண்டுவந்த முதியோர் சிலருக்கு, மருந்தின் தீமையையும் மெல்லக் குறைக்கும் வழியையும் எளிய மொழியில் விளக்கும் கையேடு ஒன்று கொடுக்கப்பட்டது. ஆறு மாதங்களில், கையேடு பெற்றோருள் நூற்றுக்கு 27 பேர் மாத்திரையை முற்றிலும் விட்டனர். பெறாதோருள் விட்டவர் நூற்றுக்கு ஐவரே. 2014-இல் வெளிவந்த இவ்வாய்வு சொல்வதென்ன? மக்கள் மாத்திரையை விரும்பிப் பற்றிக்கொண்டிருக்கவில்லை. அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை, அவ்வளவே!

யார் என்ன செய்ய வேண்டும்?

மருத்துவர்களே, தொடக்க நாளோடு முடிவு நாளையும் எழுதுங்கள். மருந்துக்கடை நடத்தும் சகோதரர்களே, வெற்று அட்டையோடு வரும் பிள்ளையைச் சீட்டுக்காகத் திருப்பி அனுப்புங்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் உண்டவரை வெறுங்கையோடு விரட்டாமல் மருத்துவரிடம் வழிகாட்டுங்கள். ஜமாஅத்தார்களே, ஆண்டுக்கொருமுறை கண் சிகிச்சை முகாம் நடத்துகிறீர்கள், மகிழ்ச்சி. அடுத்த முறை ஒரு மனநல மருத்துவரையும் அழைத்து, பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்குங்கள். குடும்பத்தாரே, இன்றிரவு அலமாரியைத் திறவுங்கள். கொட்டுவதற்காக அன்று, எண்ணுவதற்காக. எந்த மருந்து, யார் எழுதியது, எந்த நாள், எத்தனை நாளைக்கு என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அத்தாளோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.

அந்த உம்மா இப்போது எப்படியிருக்கிறார் என்று கேட்பீர்கள். அவர் மாத்திரையை விட்டொழிக்கப் பதினான்கு மாதங்கள் பிடித்தன. அட்டைகளைக் கொட்டிய அதே மகன்தான், கடல் கடந்து இருந்தபடியே நாள்தோறும் இஷாவுக்குப் பின் தொலைபேசியில் அழைத்து, "இன்னைக்கு எவ்வளவு எடுத்தீங்க உம்மா?" என்று கேட்டுக் குறித்துவந்தார். கேள்வியில் அதட்டல் இல்லை. விடையில் மறைப்பும் இல்லை. நெற்றியில் தழும்பு இருக்கிறது. இரவில் ஐந்து மணி நேரம் உறங்குகிறார். மீதி நேரம் விழித்திருக்கிறார். அதைப் பற்றி இப்போது அவருக்கு அச்சமில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே அந்த ஒரு கேள்வியை யாரேனும் கேட்டிருந்தால்? இன்று உங்கள் வீட்டில் அதைக் கேளுங்கள்.